சம்பந்தி நீட்டிய துடுப்பு

அதுங்களா? அது ஒண்ணுமில்லீங்க, சுவத்துல மாட்டற அலங்காரச் சாமான். அமெரிக்காவுல சம்பந்தி வீட்ல குடுத்தாங்க. மூணடி நீளம், பெட்டிக்குள்ள அடங்க மாட்டேன்னுடுச்சு. அதான் வேட்டியில சுத்திக் கையிலயே வெச்சிருக்கறேன். அங்கே ஏறும்போது ஒரு ஆபீசர் பிரிச்சுப் பாத்து, இது என்னன்னு கேட்டான். ஷோபீஸுன்னேன். விட்டுட்டான். நீங்க காலை நீட்டிக்குங்க, நான் இந்தப் பக்கமாச் சாய்ச்சுக்கறேன்.

நீங்களும் கோயமுத்தூர் ஃப்ளைட்டுத்தானுங்களே? இன்னும் முக்கா மணி நேரம் கெடக்குது. என்ற பேரு குருநாதனுங்க. கோபிச்செட்டிபாளையம். மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆயி மூணு வருசமாச்சு. பொண்ணைப் பாக்கப் போயிட்டுத் திரும்பறேன். ஆறு மாசம் இருக்கலாம்னுதான் போனது. இருவத்தஞ்சே நாளு. குளிர் ஒத்துக்கலைன்னு வீட்டுக்காரிகிட்டப் போன்ல சொல்லியிருக்கறேன். அவளுக்கு முட்டிவலி, அவ வரலை. வராததும் நல்லதாப் போச்சு.

ஒரே பொண்ணுங்க, தாரணி. பென்சில்வேனியாவுல வேலை. அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பையனைப் புடிச்சுப் போச்சு, டேனியல்னு. தங்கமான பையன், அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். வர்ற தை மாசம் கோபியில கல்யாணம். பொண்ணு குடுக்கறதுன்னா நாம யாரு எவருன்னு சொல்லோணுமில்லீங்களா? ஜாதகம் அனுப்புனா அவிங்களுக்குப் புரியாது. அதனால இங்கிலீசுல நானே பயோடேட்டா டைப் அடிச்சு அனுப்புனேன். பொண்ணோட அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பொண்ணோட தாத்தா, நிலக்கிழார். எத்தனை ஏக்கர்னு கேட்டுறாதீங்க. வீட்டுக்குப் பின்னால ரெண்டு தென்னைமரம் இருந்துச்சு. இதெல்லாம் எல்லாரும் எழுதறதுதானுங்களே? பயோடேட்டாவுல எவன் உண்மைய எழுதறான்?

எங்கப்பா இருக்கறாருங்க. அங்கமுத்துன்னு பேரு, எண்பத்தாறு வயசு, கண்ணு காது எல்லாம் தெளிவு. தம்பி வீட்ல இருக்கறாரு. என்ற வீட்ல படிக்கட்டு ஜாஸ்தி, அவருக்குத் தோதுப்படாது. எம்மேல அவருக்கு அத்தனை மரியாதை. பெத்த பையன்னு பாக்காம வாங்க போங்கன்னுதான் பேசுவாரு. 'பாரு, படிப்புக்கு அந்த மனுசன் குடுக்கற மரியாதைய'ன்னு ஊரே சொல்லும். எனக்கும் அவர்மேல ஒரு கொறையும் இல்லீங்க.

சரி, நான் சொல்ல வந்தது வேற. சம்பந்தி வீட்டுச் சங்கத்து விசேசம்.

சம்பந்தி வீட்டுக்காரங்க அசல் அமெரிக்காக்காரங்க இல்லீங்க. பூர்வீகம் டைரோல். ஐரோப்பாவுல பனிமலை நாடு, இப்பப் பாதி ஆஸ்திரியாவுலயும் பாதி இத்தாலியிலயும் கெடக்குது. நூறு வருசத்துக்கு முன்னால பஞ்சம் பொழைக்க வந்து, பென்சில்வேனியாவுல நெலக்கரிச் சொரங்கத்துல எறங்கியிருக்கறாங்க. அவிங்க பேரம்பேத்திக இன்னும் சங்கம் வெச்சு, வருசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை கூடறாங்க. பழைய பாட்டு, பழைய சாப்பாடு, இறகு சொருவுன தொப்பி. சம்பந்திதான் அதுக்குத் தலைவர். லியோன்னு பேரு, தாரணி மாமான்னு கூப்பிடுவா. 'அப்பா, அன்னிக்குத்தான் ரெண்டு குடும்பமும் நேர்ல பாத்துக்கறோம்'னு தாரணி ஒரு வாரமாச் சொல்லிட்டிருந்தா.

நான் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, அங்கவஸ்திரம். சம்பந்தியில்லீங்களா? டேனியல் என்னையும் தாரணியையும் கார்ல கூட்டிட்டுப் போனான். ஹால் வாசல்ல என்னை எறக்கிவிட்டு, 'பலகாரம் வீட்லயே இருக்குது, எடுத்துட்டு இருவது நிமிசத்துல வந்தர்றோம், மாமா உள்ளே இருக்கறாரு'ன்னு ரெண்டு பேரும் போயிட்டாங்க.

வாசல்ல ஒருத்தருமில்லை! நம்ம பக்கம் சம்பந்தி மொதமொதல்ல வந்தா எப்படி? வாசல்ல நின்னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகோணும். சந்தனம் வேண்டாம், பன்னீர் வேண்டாம், ஒரு 'வாங்க' வேண்டாமுங்களா? மேசைக்குப் பின்னால உக்காந்திருந்த ஒரு அம்மா, பேரை எழுதி என்ற பட்டுச்சட்டையில ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுது. பள்ளிக்கூடத்துல பீரோவுக்கு நம்பர் ஒட்டற மாதிரி. அப்பவே எனக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

உள்ளே போயி உக்காந்தேன். எரநூறு பேர் இருப்பாங்க, முக்காவாசி கெழடுக. ஒருத்தர் அக்கார்டியன் வாசிக்கறாரு. ஒரு கெழவி மைக்கைப் புடிச்சுக்கிட்டு, 'என்ற பாட்டன் இந்த ஊருக்கு வந்தப்பக் கால்ல செருப்பில்லை, காலையிலயும் சோளக்களி, ராத்திரியும் சோளக்களி'ன்னு சொல்லுது. சொல்லிட்டுச் சிரிக்குது. எல்லாரும் கை தட்டறாங்க! அடுத்த ஆளு எந்திரிச்சு, அவனோட பாட்டன் கழுதை மேய்ச்சான்னு சொல்றான். அதுக்கும் கைதட்டு. எனக்கு உள்ளூரச் சிரிப்பு. இதையெல்லாம் போயி மைக்ல சொல்லுவாங்களா? பக்கத்துல இருந்த அம்மா, உங்க ஊர்ல என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டுது. அரிசிச் சோறு, பாஸ்மதி மட்டுந்தான்னேன். கோபியில பாஸ்மதி எவன் திங்கறான்! வாயில வந்துருச்சு.

பத்து நிமிசமாச்சு, கால் மணி நேரமாச்சு. சம்பந்தி வரவேயில்லை. எனக்கு உள்ளே கொதிக்குது. ஹால் கோடியில பெரிய செப்புக் கொப்பரை வெச்சு ஒரு ஆளு நீள மரத்துடுப்புல களி கிண்டிட்டிருந்தான். மக்காச்சோள மாவுல, 'பொலெந்தா'ன்னு சொல்றாங்க. வேர்த்து வழியுது, இடுப்புல துணி கட்டியிருக்கறான், மூஞ்சி நெருப்புல செவந்து கெடக்குது. அவன் அடிக்கடி என்னையே திரும்பிப் பாக்கறான், பல்லைக் காட்டறான். சமையல்காரனுக்கு என்ன இளிப்புன்னு எனக்கு அதுவேற எரிச்சல்.

தாகமா இருந்துச்சுங்க. சொடக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்துல முப்பது வருசம் போட்ட சொடக்கு, ஹால் கோடிக்குக் கேக்கும். அந்த ஆளு நிமிந்து பாத்தான். 'தண்ணி'ன்னு கையைக் காட்டுனேன்.

ஒரு நிமிசம் தெகைச்சு நின்னான். அப்புறம் பக்கத்துல இருந்த ஒருத்தரைக் கூப்பிட்டுத் துடுப்பைக் கையில குடுத்துட்டு, துணியில கையைத் தொடைச்சுக்கிட்டு, ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டாந்து ரெண்டு கையாலயும் முன்னால வெச்சான். அக்கம்பக்கத்துல பேச்சு நின்னுபோச்சு. வெள்ளைக்காரச் சமையல்காரனை வேலை வாங்கறேனேன்னு பாக்கறாங்கன்னு நெனைச்சேன். கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சுங்க. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது, இருந்துச்சு.

அதோட நின்னிருந்தாத் தேவலை. தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் பெரிய மனுசன் சும்மா இருக்கலாமா? நம்ம கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்காரங்க சமையல்காரருக்கு வெத்தலபாக்குல வெச்சுக் குடுக்கறது வழக்கந்தானுங்களே? எந்திரிச்சுக் கொப்பரைகிட்டப் போனேன். என்னைப் பாத்ததும் அந்த மூஞ்சியில அப்பிடி ஒரு சந்தோசம். பக்கத்துல சாத்தி வெச்சிருந்த இன்னொரு துடுப்பை எடுத்து, புடியை என்ற பக்கமாத் திருப்பி, ரெண்டு கையாலயும் நீட்டுனாரு.

பாருங்க, இப்ப 'நீட்டுனாரு'ங்கறேன். அப்ப 'நீட்டுனான்'.

கழுவி வெக்கச் சொல்றானா, என்ன திமிருன்னு நெனைச்சேன். அஞ்சு டாலர் நோட்டை எடுத்து, துடுப்பு புடிச்ச கையிலயே சொருவுனேன். சிரிச்சுக்கிட்டே இங்கிலீசுல சொன்னேன்: 'எங்க குடும்பத்துல யாரும் கரண்டி புடிக்கறதில்லை. அது எங்க பரம்பரையில கெடையாது.'

அவரு அந்த நோட்டைப் பாத்தாரு. துடுப்பைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. அப்புறம் தலையைக் குனிஞ்சு, 'எனிதிங் எல்ஸ், சார்?'னாரு. வேற ஏதாச்சும் வேணுங்களான்னு.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஏனோ முதுகுல தண்ணி ஊத்துன மாதிரி இருந்துச்சு. ஏன்னு அப்பப் புரியலை. ஒண்ணும் வேண்டாம்னுட்டு வந்து உக்காந்தேன்.

அப்பத்தான் தாரணியும் டேனியலும் பலகாரத் தட்டோட வந்தாங்க. அவ நேராக் கொப்பரைகிட்டத்தான் ஓடுனா. அங்கே இருந்து என்னைப் பாத்து, 'அப்பா! மாமாவைப் பாத்துட்டீங்களா? ரெண்டு பேருஞ் சேந்து கிண்டுனீங்களா?'ன்னு கத்தறா.

மாமா.

வீடியோ கால்ல ஒருக்காத்தானுங்க பாத்தது. கோட்டு, டை, மழுமழுன்னு சவரம். இங்கே தாடி, தொப்பி, நெருப்புச் சூட்டுல வெந்த மூஞ்சி. எனக்கு வெள்ளைக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரித்தான் தெரியறாங்கன்னு தாரணிகிட்ட அப்புறம் சொல்லிப் பாத்தேன். நூறு கொழந்தைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடற ஹெட்மாஸ்டருக்கு ஒரு மூஞ்சி அடையாளந் தெரியலையான்னு அவ கேட்டா. அவ சொன்னது நெசந்தானுங்க. நான் மூஞ்சியைப் பாக்கவே இல்லை. துணியையும் துடுப்பையுந்தான் பாத்தேன்.

இப்ப இவரு சொல்லப்போறாரு, எரநூறு பேர் முன்னால என்ற மானம் போகப்போகுதுன்னு நிக்கறேன். அந்த மனுசன் என்ன பண்ணுனாருங்கறீங்க? அஞ்சு டாலர் நோட்டைத் தூக்கிக் காட்டி, 'முப்பது வருசமாக் கிண்டறேன், எனக்கு மொதக் கூலி என்ற சம்பந்தி குடுத்தாரு!'ன்னு சத்தமாச் சொல்லி, அதைத் தொப்பியில இறகுக்குப் பக்கத்துல சொருவிக்கிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. வேடிக்கைக்குப் பண்ணுனேன்னு நெனைச்சுட்டாங்க. தாரணியும் சிரிச்சா. நானுஞ் சிரிச்சேன்.

களியைப் பலகையில கொட்டி, நூலைப் புடிச்சு அறுத்து, மொதத் துண்டை எனக்குத்தான் வெச்சாங்க. ஆட்டுக்குட்டி மாதிரித் தின்னேன். எங்க சோளக்களியேதான். அச்சு அசல். உப்புக்கூட அதே உப்பு.

திரும்பி வரும்போது கார்ல தாரணி ஒண்ணொண்ணாச் சொன்னா. நான் சொடக்குப் போட்டதும் கரண்டி பத்திச் சொன்னதும் அவளுக்குத் தெரியாது, சந்தோசமாத்தான் சொல்லிட்டு வந்தா. அவிங்க சங்கத்துல களி கிண்டறதுக்குக் கூலிக்கு ஆள் வெக்க மாட்டாங்களாம். தலைவர்தான் கிண்டோணும். கொப்பரையை ஏத்துனா எறக்கற வரைக்கும் துடுப்பை விட்டுட்டு நகரக்கூடாது. அந்த வருசம் புதுசா யாரு ஒறவாகறாங்களோ, அவிங்க எதுத்தாப்புல நின்னு ரெண்டாவது துடுப்பைப் புடிக்கோணும். வாசல்ல வந்து கூப்பிடறதில்லை, அடுப்புக்குக் கூப்பிடறதுதான் அவிங்க 'வாங்க'. அவரு முப்பது வருசத்துல மொத தடவையாத் துடுப்பை விட்டுட்டு நகந்தது, எனக்குத் தண்ணி கொண்டாரத்தானுங்க.

'மாமாவுக்குத் தோள்பட்டை ஆபரேசன் ஆயி ரெண்டு வருசமா அவருக்குப் பதிலா வேற ஆளுகதான் கிண்டுனாங்கப்பா'ன்னா. 'டாக்டர் வேண்டாம்னுதான் சொன்னாரு. நீங்க வர்றீங்கன்னு புடிவாதமா நின்னாரு. சமையல்காரர் வீட்டுப் புள்ளை வர்றாரு, அவர்கூட நான் நிக்காம யாரு நிக்கறதுன்னு.'

'சமையல்காரர் வீட்டுப் புள்ளையா?'ன்னேன்.

'ஆமாப்பா. அப்பாரைப் பத்தி நாந்தான் எல்லாஞ் சொன்னேனே.' எங்கப்பாவை அவ அப்பாருன்னுதான் கூப்பிடுவா. 'கோபியிலயிருந்து சத்தியமங்கலம் வரைக்கும் அப்பாரு சமைக்காத கல்யாணம் இல்லை, ஒத்தை ஆளா நின்னு ரெண்டாயிரம் பேருக்கு எறக்குவாருன்னு. மாமா வீட்ல அப்பாரு கதைதான் எப்பவும்.'

'அப்ப நான் அனுப்புன பயோடேட்டா?'

அவ ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டு, 'படிச்சாங்க'ன்னா. 'மாமா மடிச்சு உள்ளே வெச்சுட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை.'

ஆமாங்க. எங்கப்பா சமையல்காரரு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதும்பாங்களே, நான் ஒரு மனுசனையே மறைச்சேன். பூமியில பாதிச் சுத்து தாண்டி இருக்கறவிங்களுக்கு அது தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சுதான் அந்த ஆளு துடுப்பை நீட்டியிருக்கறாரு. தெரிஞ்சவர்கிட்டத்தான் நான் சொன்னேன், கரண்டி புடிக்கறது எங்க பரம்பரையில கெடையாதுன்னு.

அன்னிக்கே தாரணிகிட்ட நானே சொல்லிட்டேன், நடந்தது அத்தனையும். மறைக்க முடியலீங்க. திட்டியிருந்தாத் தேவலை. 'சரிப்பா'ன்னா. அப்புறம் ரெண்டு நாளு எங்கிட்டச் சாப்பாட்டுக்கு மட்டுந்தான் பேசுனா. டிக்கெட்டை முன்னால மாத்திக்கறேன்னு சொன்னப்ப அவ தடுக்கலை. அதுதானுங்க வலிக்குது.

கெளம்பற அன்னிக்குக் காலையில லியோ வந்தாரு, இதைத் தூக்கிட்டு. நான் கையெடுத்துக் கும்பிட்டு, 'என்னை மன்னிச்சுருங்க'ன்னேன். கையைப் புடிச்சு எறக்கிவிட்டுட்டு, 'இது உங்களுக்கில்லை, உங்கப்பாவுக்கு. ஒரு களி கிண்டறவன் குடுத்தான்னு சொல்லுங்க. தை மாசம் நான் வர்றேன், கல்யாணத்தன்னிக்கு அவரும் நானும் ஒரு கொப்பரை கிண்டோணும்'னாரு.

அதே துடுப்புங்க. அன்னிக்கு எனக்கு நீட்டுனதே. இருங்க, வேட்டியை அவுத்துக் காட்டறேன். புடியைப் பாருங்க. தாரணி எழுதிக் குடுத்ததைப் பாத்துப் பழுக்கக் காச்சுன கம்பியில அவரே சுட்டிருக்கறாரு. கொஞ்சம் கோணலா இருக்குதுங்க, ஆனாப் படிக்கலாம். அங்கமுத்து. இந்தப் பேரை எம்பக்கமாத் திருப்பித்தான் அன்னிக்கு நீட்டியிருக்கறாரு, நான் பாக்கலை. நீட்டுன அந்தக் கையிலதான் அஞ்சு டாலரைச் சொருவுனேன்.

இனி நாளைக்குத் தம்பி வீட்டுக்குப் போயி இதை எங்கப்பா கையில குடுக்கோணும். 'யாரு குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்க, நீங்க அவரை எப்படிப் பாத்தீங்க'ன்னு கேப்பாரு. வாங்க போங்கன்னுதான் கேப்பாரு.

அது படிப்புக்குக் குடுக்கற மரியாதைன்னு சொன்னேனில்லீங்களா? அதுவும் பொய்யிங்க.

பத்தாவது படிக்கறப்ப, சத்தியமங்கலத்துல ஒரு மில்லுக்காரர் வீட்டுக் கல்யாணம். அவரு பையன் என்ற கிளாஸ். நாங்க எட்டுப் பேரு பந்தியில உக்காந்திருக்கறோம். அங்கே சமையல் எங்கப்பாதான்னு எனக்கு முன்னாலயே தெரியும், ஆனா அவரு வெளிய வர மாட்டாருன்னு நெனைச்சேன். பரிமாற ஆள் பத்தலைன்னு அவரே வந்துட்டாரு. அழுக்கு வேட்டி, தோள்ல துண்டு, கையில சாம்பார் வாளி. என்னைப் பாத்ததும் மூஞ்சியில அப்பிடி ஒரு சந்தோசம். 'கண்ணு'ன்னு கூப்பிட வாயைத் தொறந்துட்டாரு. கூப்பிட்டாத் தெரிஞ்சு போகுமில்லீங்களா? நான் முந்திக்கிட்டேன். சொடக்குப் போட்டேன். 'யோவ், தண்ணி கொண்டா'ன்னேன்.

வாயை மூடிக்கிட்டாருங்க. வாளியைக் கீழ வெச்சுட்டுப் போயி, டம்ளர்ல தண்ணி கொண்டாந்து, ரெண்டு கையாலயும் என்ற எலைக்கு முன்னால வெச்சாரு. தலையைக் குனிஞ்சு கேட்டாரு: 'வேற ஏதாச்சும் வேணுங்களா?'

வீட்டுக்கு வந்து திட்டலை, அடிக்கலை, எங்கம்மாகிட்டச் சொல்லலை. ஆனா அன்னியிலயிருந்து எனக்கு அவரு கண்ணுன்னு சொல்லவே இல்லீங்க. தம்பியை இன்னும் கண்ணுங்கறாரு, அவனுக்கு அம்பத்தஞ்சு வயசு. என்னை மட்டும் வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா. நாப்பத்தாறு வருசமா. ஊரு அதை மரியாதைங்குது, நானும் ஆமாங்கறேன்.

கூப்பிடறாங்க பாருங்க, நம்ம ஃப்ளைட்டுத்தான். கேட்ல நிக்கற அந்தப் பொண்ணு இந்தத் துடுப்பைப் பாத்து என்னன்னு கேக்கும். அங்கே ஷோபீஸுன்னு சொன்னேன். உங்ககிட்ட அலங்காரச் சாமான்னு சொன்னேன். எங்கப்பா சமையல்காரர், அவருக்கு ஒரு சமையல்காரர் குடுத்ததுன்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகுது?

நீங்க முன்னால போயிருங்க. நான் என்ன சொல்லப் போறேன்னு நீங்க கேட்டுட்டு நிக்க வேண்டாமுங்க.